குளிரில் சுற்றிய மூன்று ஃபேன்கள்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். மழைச் சத்தத்தையும் மீறி ஹாலில் ஏதோ 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டர். சிவப்பு விளக்கு மின்னியது. நான் கிட்டே போய்க் குனிவதற்குள் நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டு அடங்கிப்போனது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.

ஃபேன் நிற்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க மூன்று அறையிலும் மூன்று ஃபேன் ஓடியிருக்கிறது. மிக்ஜாம் புயல் கடலோரத்தில் நின்றுகொண்டு கொட்டித் தீர்த்த இரவு அது. நாலு பேரும் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தூங்கியிருக்கிறோம். கரண்ட் இரண்டு மணிக்கே போய்விட்டதாக அப்பா சொன்னார். அவர்தான் விழித்திருந்தார். "அதான் இன்வெர்ட்டர் இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி விடுவதற்காகத்தானே அதை வாங்கினோம்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். 43 சதவீதம். காலையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்திருந்தேன்.

எங்கள் வீடு வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில், பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்பதை எங்கள் தெருவுக்கு மழைதான் அவ்வப்போது ஞாபகப்படுத்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் இதே வீட்டில்தான் இருந்தோம். ஆகவே வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த எட்டு வருடத்தில் வீடு மாறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எல்லாமே ஒயருக்கும் சிக்னலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கரண்ட் திரும்பி வந்தது வியாழன் இரவு ஒன்பது மணிக்கு. இடைப்பட்ட தொண்ணூறு மணி நேரத்தில் எந்தச் சாமான் எதை நம்பி ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

முதலில் அந்த இன்வெர்ட்டர் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் பழைய பில்லின் பின்புறத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்த கணக்கு இது.

எங்களுடையது 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி. அது காகிதக் கணக்கு. பேட்டரிக்கு நாலு வயதாகிவிட்டது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சவும் கூடாது, 12 வோல்ட்டை 230 ஆக்கும்போதும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். கையில் கிடைப்பது ஏறத்தாழ 1,100 என்று வைத்துக்கொண்டேன். பழைய காலத்து ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். மூன்றுக்கு 225. ஹாலிலும் அப்பா அறையிலும் எரிந்த இரண்டு எல்.இ.டி. டியூப்லைட்டுக்கு 40. வைஃபை பெட்டிக்கு 10. மொத்தம் 275. ஆயிரத்து நூறை இதால் வகுத்தால் நாலு மணி நேரம். இரண்டு மணிக்குப் போன கரண்ட், ஆறு மணிக்குக் கேட்ட பீப். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

இப்போது அதே 1,100-ஐக் கைப்பேசிக்கு வைத்துப் பார்த்தேன். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனை ஒரு தடவை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 25 வாட் மணி போதும். அப்படியானால் நாற்பத்து நாலு தடவை. வீட்டில் இருந்த மூன்று போனையும் தினமும் ஒரு முறை என்று இரண்டு வாரத்துக்கு நிரப்பியிருக்கலாம். அதை நாங்கள் குளிரில் ஃபேனாகச் சுற்றித் தீர்த்திருந்தோம்.

இன்னொரு விஷயமும் பிறகுதான் தெரிந்தது. எந்த விளக்கும் எரியாமல் சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் 10, 15 வாட் தின்றுகொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் 360 வாட் மணி வரை கரைந்துவிடும். முன்பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் பேட்டரி அப்படியே இருக்கும். தேவைப்படும்போது போட்டு, வேண்டியவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் சார்ஜில் செருகி, முடிந்ததும் அணைத்துவிடலாம். ஏழு வருடமாக அந்தப் பட்டன் மேல் என் மனைவி துணிக்கூடையைச் சாத்தி வைத்திருந்தாள்.

தரைத்தளத்து அக்கா வீட்டில் நிலைமை வேறு. அவர்கள் இன்வெர்ட்டரைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும் முதலில் மூழ்கியது அதுதான். நல்லவேளையாக மெயினை அணைத்துவிட்டு மேலே வந்துவிட்டார்கள். மூன்றடி ஸ்டாண்ட் ஒன்று வாங்கியிருந்தால் பிழைத்திருக்கும். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, "ஃப்ரிட்ஜ மேல தூக்கணும்னு தோணுச்சு, இத யாரு நினைச்சா" என்றார்.

அடுத்தது பவர் பேங்க். 20,000 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. போனில் 5,000, இதில் 20,000, ஆகவே நாலு தடவை என்று மனக்கணக்கு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பின்னால் இருந்த பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தேன். 5 வோல்ட்டில் 12,000 என்று இருந்தது. அதுதான் நிஜமான எண். பெரிய எழுத்தில் இருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாறி, போனுக்குள் போய் இன்னொரு முறை மாறும்போது இரண்டரை தடவைக்கு மேல் வராது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஆனால் வாங்கும்போது இந்தப் பொடி எழுத்தைப் பார்த்துத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

அதுவும் முழுதாக இருந்ததா? நாலு புள்ளியில் இரண்டுதான் எரிந்தது. ஆகஸ்டில் திருச்செந்தூர் போய்வந்த பிறகு பையை விட்டே எடுக்கவில்லை.

லேப்டாப்பை பேட்டரியாகப் பயன்படுத்தலாம் என்பது மகள் சொன்ன யோசனை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். என் லேப்டாப்பில் 80 சதவீதம் இருந்தது. அதன் யூ.எஸ்.பி. துளையில் போனைச் செருகினால் ஒன்றரை தடவை நிரம்பும். மூடியை மூடினால் சார்ஜ் நின்றுவிட்டது. திறந்து வைத்து, திரையை முழுக்க மங்கவைத்து, வைஃபை, ப்ளூடூத் எல்லாவற்றையும் அணைத்து வைத்தோம். சில லேப்டாப்களில் ஒரு துளைக்குப் பக்கத்தில் மின்னல் மாதிரி குறி இருக்கும். அணைத்து வைத்திருந்தாலும் அதிலிருந்து சார்ஜ் வருமாம். என்னுடையதில் இல்லை.

லேப்டாப்பைத் தானம் கொடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. எப்படியும் அதில் வேலை செய்ய முடியாத நிலை. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பரில்தான் தலைக்கு மேல் வேலை. செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டிய நாவல் ஒன்று 'கிளவுட்' என்கிற இணைய மேகத்தில் இருந்தது. கோப்பின் பெயர் திரையில் பளிச்சென்று தெரிகிறது, திறந்தால் இணையம் வேண்டும் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே அத்தனை மேகம், அதில் எதிலும் என் நாவல் இல்லை. 'இணையம் இல்லாமலும் வேண்டும்' என்று அந்தக் கோப்புக்கு முன்னாலேயே ஒரு டிக் போட்டிருந்தால் கணினிக்குள்ளேயே ஒரு பிரதி கிடந்திருக்கும்.

சரி, சிக்னல் விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் மத்தியானம் வரை ஒன்றிரண்டு கோடு இருந்தது. அப்புறம் அதுவும் போனது. செல்போன் கோபுரத்துக்கும் கரண்ட்தானே வேண்டும். அங்கேயும் பேட்டரி இருக்கிறது, சில மணி நேரம் தாங்கும். அது தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். சுற்றிலும் தண்ணீர் நின்றால் டீசலை யார் கொண்டுபோய் ஊற்றுவது?

சிக்னல் இல்லாத போன் சும்மா இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. கோபுரத்தைத் தேடித் தேடி ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். யாரும் தொடாமலேயே திங்கள் சாயங்காலத்துக்குள் என்னுடையது 43-லிருந்து 29-க்கு இறங்கிவிட்டது. அப்புறம்தான் ஏரோப்ளேன் மோடில் போட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மொட்டைமாடிக்குப் போய் எடுத்துவிட்டுப் பார்ப்பது, ஐந்து நிமிடம் காத்திருப்பது, மறுபடி போட்டுவிடுவது. கோவையில் இருக்கும் என் தங்கையிடம் இப்படி ஒரு நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை ஏழு, மாலை ஏழு என்று. அவள் பாவம், மூன்று நாளும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

மொட்டைமாடியில் ஒரு கோடு வந்தபோது வாட்ஸ்அப் அனுப்பினால் கடிகாரப் படத்தோடு அப்படியே நின்றது. எஸ்.எம்.எஸ். போனது. பேச்சுக்கும் இணையத்துக்கும் தேவைப்படும் அளவு சிக்னல் அதற்கு வேண்டாம். ஒரு நொடி திறந்த கதவு வழியாகக்கூட நுழைந்துவிடும். இதில் தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு சிக்கனப் பாடம் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் அடித்தால் யூனிகோடு முறைக்கு மாறி 70 ஆகிவிடும். அதிலும் 'கொ' என்று அடித்தால் க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று என இரண்டு இடம் போகும். 70-ஐத் தாண்டினால் இரண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு வழியில் சிக்கினால் செய்தி முழுதாகச் சேராது. தொழில் புத்தியில் முதல் செய்தியை நிறுத்தற்குறிகளோடு நாலு வரிக்கு அடித்துவைத்திருந்தேன். அது போகவே இல்லை. பிறகு, "நலம். மாடியில் இருக்கிறோம். கரண்ட் இல்லை. பயம் வேண்டாம்" என்று சுருக்கினேன். போய்விட்டது.

வீட்டில் மூன்று போனும் ஒரே நிறுவனத்து சிம். குடும்பத் திட்டம் என்று மலிவாகக் கிடைத்தது. அதனால் மூன்றும் ஒன்றாகச் செத்தன. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேறு நிறுவனம். அவனுக்கு இடையிடையே கிடைத்தது. பழைய பட்டன் போன் ஒன்று அலமாரியில் இருந்ததும், அதில் வேறு நிறுவனத்து சிம் இருந்ததும் ஞாபகம் வந்து, எல்லோரும் ஆவலாகப் போட்டுப் பார்த்தோம். போன் உயிரோடுதான் இருந்தது. சிம் போய்விட்டிருந்தது. பல மாதம் ரீசார்ஜ் செய்யாததால் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இனிக்கும். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அப்பாவின் டிரான்சிஸ்டரைப் பரணிலிருந்து இறக்கினோம். பின்மூடியைத் திறந்தால் செல் ஒழுகி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, ஸ்பிரிங்கையே தின்றிருந்தது. செல்லைக் கழற்றித் தனியாக வைத்திருந்தால் அது இன்னும் பாடிக்கொண்டிருக்கும். அப்பாவின் சின்ன டைரியில் நூறு பேரின் நம்பர் அழகான கையெழுத்தில் இருந்தது. முக்கால்வாசி ஏழு இலக்க லேண்ட்லைன். சென்னை எட்டு இலக்கத்துக்கு மாறியே இரண்டு தலைமுறை போன் வந்து போய்விட்டது. எமர்ஜென்ஸி விளக்கு ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைத்ததில் அதற்குள் இருந்த பேட்டரி கல்லாகியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காக வேலை செய்தது, பாத்ரூமில் மாட்டியிருந்த பேட்டரி வைத்த பல்புதான். கரண்ட் போனால் தானாகவே எரியும், மூன்று மணி நேரம் தாங்கும். இருநூறு சொச்சம் ரூபாய். அதையும் முதல் நாளே குளியலறைக்குள் வீணாக எரியவிட்டுவிட்டோம்.

எஃப்.எம். கிடைத்த கதையைத்தான் மகள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். போனில் எஃப்.எம். கேட்க இணையம் வேண்டாம். காற்றில் வருவதை உள்ளே இருக்கும் சில்லே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒயர் வைத்த இயர்போன் வேண்டும், ஏனென்றால் அந்த ஒயர்தான் ஆன்டெனா. என்னுடைய போனும் மகளுடையதும் விலை கூடியவை. இரண்டிலும் அந்தத் துளையே கிடையாது. என் மனைவியின் போன் எங்கள் மூன்றில் மலிவானது, "இதுவே போதும்" என்று அவளே வாங்கியது. அதில் துளையும் இருந்தது, எஃப்.எம்.மும் இருந்தது. இயர்போன்? மூன்று பேரிடமும் ஒயர் இல்லாத ரகம். தேடித் தேடி, தையல் மெஷின் டிராயரில், பாபினுக்கும் பழைய பட்டன்களுக்கும் நடுவில் சிக்குப் பிடித்த ஒன்று கிடைத்தது. ஒரு காது செத்திருந்தது. பரவாயில்லை, ஒயர் செருகியிருந்தால் போதும், சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றி 101.4-இல் வைத்தபோது, ரெயின்போ எஃப்.எம். கேட்டது. புயல் எங்கே இருக்கிறது என்று பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தெரிந்துகொண்டோம். ஒரு மணி நேரம் ஓடியும் இரண்டு மூன்று சதவீதம்தான் குறைந்திருந்தது.

அந்த வருடம் ஏப்ரலில்தான் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் விடும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. பேரிடர் நேரத்தில் உதவும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. செய்தியைப் படித்தபோது, இந்தக் காலத்தில் யார் எஃப்.எம். கேட்கிறார்கள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் மாத்திரைப் பிரச்சினை.

அப்பாவுக்கு 79 வயது. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை. அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பது அவர் பழக்கம். டப்பாவில் இரண்டே இரண்டு மிச்சம் இருந்தது. இரண்டிலும் மருந்தின் பெயர் இல்லை. ஒன்றில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து, இன்னொன்றில் விலையில் பாதி. "ரோஸ் கலர்ல, சின்னதா இருக்கும்" என்றார் அப்பா. மருந்துச்சீட்டு டாக்டரிடம் போன மாதம் வாங்கியது, படம் எடுத்து மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். காகிதம் எங்கே என்று கேட்டால், "அதான் போன்ல இருக்கே" என்று தூக்கிப் போட்டிருக்கிறோம். மகள் போனில் இடம் போதாமல் அவள் அழித்துவிட்டாள். என் போனில் இருக்கிறது. திறந்தேன். மங்கலாக, நீர்த்துளி விழுந்த கண்ணாடி மாதிரி ஒரு சதுரம், நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. டேட்டா மிச்சம் பிடிப்பதற்காகப் படங்கள் தானாக இறங்கக்கூடாது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். சீட்டின் ஓரம் தெரிகிறது, டாக்டரின் சாய்ந்த கையெழுத்து இருக்கும் இடம் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. அம்புக்குறியை எத்தனை தடவை அழுத்தியும் வட்டம் சுற்றியதே தவிர ஒன்றும் இறங்கவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தண்ணீரின் அடியில் சாக்கடை மூடி இருக்கிறதா என்று கம்பால் குத்திக் குத்தி நடந்ததில், மெயின் ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆனது. அங்கேயும் சிக்னல் இல்லை. யாரோ ஒருவர் சொன்னார், "பாலத்து மேல போங்க சார், அங்க வருது." விஜயநகர் மேம்பாலத்தில் ஏறினால் ஒரு திருவிழாக் கூட்டம். ஆளாளுக்குப் போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் தூக்கினேன். 11 சதவீதம். கோடு ஒன்று வந்தது, போனது, வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 9 சதவீதத்தில் படம் பளிச்சென்று திறந்தது. உடனே திரையை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அப்புறமும் நம்பிக்கை வராமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் டார்ச் வெளிச்சத்தில் என் உள்ளங்கையைப் பிடித்துப் படித்தார். இரண்டு அட்டை கொடுத்தார். பழக்கத்தில் கியூ.ஆர். அட்டையைத் தேடி என் கை போனை எடுத்தது. "சார், காசு இருந்தா குடுங்க" என்றார். வீட்டில் மொத்தம் 340 ரூபாய் இருந்தது. சாமி உண்டியலில் இருந்ததையும் சேர்த்து. அதைத்தான் கொண்டுவந்திருந்தேன். 236 ரூபாய் போனது.

2015 வெள்ளத்தின்போது இந்தக் கவலை எங்களுக்கு வந்ததே இல்லை. அப்போது யூ.பி.ஐ. கிடையாது, அது 2016-இல்தான் வந்தது. மாசம் முதல் வாரம் என்பதால் வீட்டில் பணம் இருந்தது, பீரோவில் புடவைக்கு அடியில். 2023-இல் நான் கடைசியாக ஏ.டி.எம். போனது எப்போது என்று எனக்கே தெரியாது. ஏ.டி.எம்.மும் கரண்டில்தானே ஓடுகிறது. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் 'இத்தனை ரூபாய் பெறப்பட்டது' என்று நாள் முழுக்கச் சத்தம் போடும் பெட்டி ஊமையாக உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி அதன் மேலேயே ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். "நீங்க எடுத்துட்டுப் போங்க, கரண்ட் வந்ததும் போட்டு விடுங்க" என்று மெழுகுவத்தியும் ரொட்டியும் பால் பவுடரும் கொடுத்தார். நோட்டில் என் பெயருக்கு நேரே 410 ரூபாய். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த நோட்டில் இருந்தோம். பெரிய கடைகளில் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த புதுக் குடித்தனக்காரர்களை அவருக்கு முகம் தெரியாது. அவர்களுக்கும் கொடுத்தார், கொஞ்சம் யோசித்து.

இந்த நாலு நாளைக்குப் பிறகு என் சாமான் வாங்கும் புத்தியில் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. இது என்ன செய்யும் என்று விளம்பரமே சொல்லிவிடும். இது வேலை செய்ய வேறு எதெல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி ஒன்று மாட்டலாம் என்றாள் மகள். கரண்ட், வைஃபை, தெருவில் ஓடும் ஃபைபர், எங்கோ இருக்கும் கணினி, என் போனின் சார்ஜ், ஐந்தும் இருந்தால் வாசலில் நிற்பவர் தெரிவார். தாழ்ப்பாளைத் திறந்தாலும் தெரிவார். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, மாட்டியிருக்கிறோம். பழைய மணியையும் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

வாங்கியது கொஞ்சம். ஃபேன் மூன்றையும் குறைவான கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ரகத்துக்கு மாற்றினோம். 75 வாட் இருந்த இடத்தில் 30 வாட்டுக்குள் முடிகிறது. கரண்ட் பில்லிலும் தெரிகிறது. வைஃபை பெட்டிக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று. ஆனால் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவரின் பெட்டியில் கரண்ட் போனால் அதுவும் சும்மாதான், ஆகவே நீண்ட மின்வெட்டுக்கு அதை நம்ப வேண்டாம். அரை மணி, ஒரு மணி மின்வெட்டுக்கு நல்லது. என் மனைவியின் சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். இருபது ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாளாக மூவாயிரம் ரூபாயைப் பீரோவில் வைத்திருக்கிறோம். ஐந்நூறு ரூபாய்த் தாள் வேண்டாம், வெள்ள நாளில் யாரிடமும் சில்லறை இருக்காது. மருந்துச்சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் மூன்றும் ஒவ்வொரு போனுக்குள்ளும் இறக்கியே இருக்கின்றன. நகலெடுத்துச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்தாயிற்று, கூடவே பத்துப் பேரின் நம்பரும். அப்பா இப்போதும் மாத்திரையை வெட்டுகிறார். பெயர் இருக்கும் துண்டைக் கடைசியில் சாப்பிடுவதாக ஒப்பந்தம்.

வாங்காததும் உண்டு. மடக்கும் சோலார் தகடு ஒன்று பார்த்தேன், மலை ஏறுபவர்களுக்குச் சரி. எங்களுக்கு அது தேவைப்படும் நாளில் வானம் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பெட்டி மாதிரி பெரிய பவர் ஸ்டேஷன்களும் வருகின்றன. அந்த விலைக்கு எனக்கு ஏற்கனவே ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதன் பட்டனை அணைக்கத் தெரிந்தால் போதும்.

ஒன்றாம் தேதி வாடகை வாங்க வருவது போல, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பவர் பேங்கை எடுத்து நிரப்பி வைக்கிறேன். மூன்று மாதம் தவறாமல் செய்தேன். நாலாவது மாதம் மறந்தேன். இப்போது மகளின் போனில் நினைவூட்டி வைத்திருக்கிறோம்.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரை நிறுத்திவைத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கார் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே மூன்று போன், பவர் பேங்க், லேப்டாப், பாத்ரூம் பல்பு உள்பட எல்லாவற்றையும் நூறு சதவீதம் ஆக்கினேன். நாவல் ஒன்றைக் கணினிக்குள் இறக்கி வைத்தேன். ஒயர் இயர்போனை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு இன்வெர்ட்டரின் பட்டனை அணைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேன் மூன்றையும் அணைத்தேன்.

மழை வானிலைக்காரர்கள் சொன்ன அளவுக்கு வரவில்லை. காற்றே இல்லாமல் புழுங்கியது. பதினொன்றரைக்கு அப்பா அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, மழையும் வரல, கரண்டும் போகல. அந்த ஃபேனையாச்சும் போடேண்டா."